மிக்-21க்கு அடுத்து மிக்-23 ஏன்? சோவியத் போர் விமானங்களின் எண்களைப் படிப்பது எப்படி

மிக்-21, 23, 25, 27, 29 என்று ஒற்றைப்படையிலேயே போகிறதே, 22-ம் 24-ம் எங்கே? எண் பெரிதானால் விமானம் புதியது என்று எடுத்துக்கொள்ளலாமா? அப்படியானால் சுகோய்-27ஐ விட மிக்-29 பிந்தியதா? இதுதான் நண்பர் கேட்டிருப்பது. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த எண்ணை எந்த விதிப்படி கொடுத்தார்கள் என்பது ஒன்று. அந்த எண்ணை வைத்து நாம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பது மற்றொன்று. முதலாவதற்குத் தெளிவான பதில் உண்டு. இரண்டாவதில்தான் பலரும் இடறுகிறார்கள்.

நேரடிப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். சோவியத் முறையில் சண்டை விமானத்துக்கு ஒற்றைப்படை எண், மற்றவற்றுக்கு இரட்டைப்படை எண். மிக் அலுவலகத்திலிருந்து படைக்குப் போனவை எல்லாம் சண்டை விமானங்களும் அவற்றிலிருந்து பிறந்தவையும்தான். அதனால் 22-ம் 24-ம் அந்த வரிசையில் தேவைப்படவே இல்லை. யாரோ மிக்-22 என்று ஒன்றைச் செய்து பார்த்துக் கைவிட்டதாக நினைக்க வேண்டாம். அடுத்தது, எண் வரிசை ஒவ்வொரு வடிவமைப்பு அலுவலகத்துக்கும் தனித்தனி. சுகோயின் 27-ம் மிக்கின் 29-ம் வெவ்வேறு வரிசையில் நிற்பவை, ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது. சு-27ன் முதல் முன்மாதிரி 1977 மே 20 அன்று பறந்தது. மிக்-29 அதே ஆண்டு அக்டோபர் 6 அன்று பறந்தது. இரண்டும் ஒரே காலத்துப் பிள்ளைகள். (நம் செய்தித்தாள்கள் சுகோய்-30 என்றும் எஸ்.யு.-30 என்றும் எழுதுவதை ரஷ்யர்கள் "சு" என்றுதான் சொல்வார்கள். து (துப்பொலேவ்), யாக் (யாக்கவ்லெவ்), இல் (இல்யூஷின்), லா (லாவச்கின்), பெ (பெத்லியக்கவ்) என்று மற்ற வடிவமைப்பாளர் பெயர்ச் சுருக்கங்களையும் அவர்கள் வாய்மொழிப்படியே எழுதுகிறேன்.)

இந்த விதி 1940 டிசம்பரில் வந்தது. அதற்கு முன்னால் பெயரில் இருந்த எழுத்து விமானத்தின் வேலையைச் சொன்னது, செய்தவர் யார் என்பதைச் சொல்லவில்லை. "இ" என்றால் இஸ்த்ரெபீத்தெல், சண்டை விமானம். "உ" என்றால் உச்செப்னி, பயிற்சி விமானம். "ஆர்" என்றால் ரஸ்வேத்சிக், உளவு விமானம். கனரகக் குண்டுவீச்சு விமானத்துக்கு "தேபே" என்று இரண்டெழுத்து. எண்ணும் நாடு முழுவதற்கும் பொது. இ-4 துப்பொலேவ் அலுவலகத்தில் இளைஞராக இருந்த பவெல் சுகோய் உழைத்த விமானம். இ-15, இ-16 இரண்டும் பொலிகார்ப்பவ் செய்தவை. அவற்றுக்கு முந்தைய இ-14 மறுபடி சுகோய் கைவேலை. பெயரைப் பார்த்து யாருடையது என்று சொல்ல வழியில்லை. இதற்கு மேல் துப்பொலேவ் அலுவலகம் தன் தலைவரின் பெயர் முதலெழுத்துகளை வைத்து "ஆந்த்" என்று தனி எண்ணும் வைத்திருந்தது. படையில் தேபே-3 என்று பறந்த நான்கு எஞ்சின் விமானம் அலுவலகக் காகிதத்தில் ஆந்த்-6.

முப்பதுகளின் கடைசியில் இந்த முறை சிதறிவிட்டது. இ-153 என்பதை நூற்றைம்பத்து மூன்றாவது சண்டை விமானம் என்று படிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது 15-ம் 3-ம். அதாவது இ-15ன் மூன்றாம் வடிவம். அதற்கு முந்தைய இரண்டாம் வடிவத்தை இ-152 என்றும் இ-15 பிஸ் என்றும் இரண்டு விதமாகவும் எழுதினார்கள். லாவச்கின் குழுவின் புதிய விமானம் இ-301 ஆனது. அது வரிசை எண் இல்லை, அதைச் செய்த 301-ம் எண் தொழிற்சாலையிலிருந்து வந்தது. உரிமம் பெற்றுச் செய்த டக்ளஸ் டி.சி.-3 விமானத்தின் முதல் சோவியத் பெயரில் இருந்த 84-ம் அப்படித்தான், 84-ம் எண் தொழிற்சாலை. கைது செய்யப்பட்ட பொறியாளர்களை வைத்து உள்துறைக் காவல் அமைப்பு நடத்திய அலுவலகத்தில் பெத்லியக்கவின் திட்டத்துக்கு 100, மியாசிஷெவின் திட்டத்துக்கு 102, துப்பொலேவின் திட்டத்துக்கு 103 என்று எண். அந்தத் துறையின் பெயரைச் சுருக்கினால் "ஸ்தோ" என்று வரும், ரஷ்ய மொழியில் ஸ்தோ என்றாலே நூறு. நூறில் தொடங்கியதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள்.

போர் நெருங்கிய நேரம், ஒரே ஆண்டில் பத்துக்கு மேற்பட்ட புது வகைகள் தொழிற்சாலைக்கு வருகின்றன. அப்போதுதான் விமானத் தொழில் அமைச்சகம் உத்தரவு போட்டது. இனிமேல் பெயரின் தொடக்கத்தில் தலைமை வடிவமைப்பாளரின் பெயர்ச் சுருக்கம், அதையடுத்துச் சண்டை விமானத்துக்கு ஒற்றைப்படை, மற்றதற்கு இரட்டைப்படை. யாக்கவ்லெவின் இ-26 யாக்-1 ஆனது. இ-200 மிக்-1 ஆகி, திருத்திய வடிவம் மிக்-3 ஆனது. இ-301 லாக்-3 ஆனது. லாவச்கின், கர்புனோவ், குத்கோவ் மூவரின் முதலெழுத்துகள்தான் "லாக்". மிக் என்ற பெயரில் ஒரு சின்ன நுட்பம் உண்டு. அதை ரஷ்ய எழுத்தில் எழுதும்போது முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் பெரிய எழுத்து, நடுவில் உள்ள "இ" மட்டும் சின்ன எழுத்து. ஏனென்றால் அது யாருடைய பெயரும் இல்லை, நம் "உம்" போன்ற இணைப்புச் சொல். மிக்கோயானும் குரேவிச்சும் என்பதுதான் மிக்.

இந்த விதியைத் தெரிந்துகொண்டால் இரண்டாம் உலகப்போர் விமானங்களில் "2" என்ற எண் ஏன் இப்படி மொய்க்கிறது என்பது விளங்கிவிடும். இல்-2, பெ-2, சு-2, யாக்-2, து-2, ஆர்-2 (இங்கே "ஆர்" உளவு இல்லை, அர்காங்கெல்ஸ்கி என்ற வடிவமைப்பாளர்), யெர்-2, லி-2 எல்லாமே ஒவ்வொரு வடிவமைப்பாளரின் முதல் இரட்டைப்படை, அவ்வளவுதான். விதி உண்மையிலேயே வேலை செய்தது என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி பெ-3. பெ-2 குண்டுவீச்சு விமானத்தின் உடலிலேயே எரிபொருளைக் கூட்டி, துப்பாக்கிகளை மாற்றி 1941-ல் கனரகச் சண்டை விமானமாக்கினார்கள். விமானம் பெரும்பாலும் அதேதான், ஆனால் வேலை மாறிவிட்டது. ஆகவே எண் 2-லிருந்து 3-க்குப் போனது. யாக்-7 இதற்கு நேர்மாறான வழியில் வந்தது. யாக்-1க்கு விமானி பழக இரண்டு இருக்கைப் பயிற்சி வடிவமாகத் தொடங்கி, பயிற்சிச் சண்டை விமானம் என்பதால் ஒற்றைப்படை பெற்று, பிறகு தானே முழுச் சண்டை விமானமாகிவிட்டது. இறந்தவரைக் கௌரவிக்கவும் பெயர் மாற்றினார்கள். பெத்லியக்கவ் 1942 ஜனவரியில் விமான விபத்தில் இறந்த பிறகு கனரகக் குண்டுவீச்சு விமானம் தேபே-7, பெ-8 ஆனது. பொலிகார்ப்பவ் 1944-ல் இறந்ததும், ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் பறந்துகொண்டிருந்த உ-2 என்ற இரட்டை இறக்கை விமானம் போ-2 ஆனது. ஆகவே 1943-ல் நடந்த ஒரு சம்பவத்தை எழுதும்போது போ-2 என்று எழுதினால் அது காலப் பிழை.

போருக்குப் பிறகும் விதி தொடர்ந்தது, சிக்கலும் தொடர்ந்தது. வரிசை ஒவ்வொருவருக்கும் தனி என்பதால் யாக்-15, மிக்-15, லா-15, சு-15 என்று நான்கு பதினைந்துகள் உண்டு. நான்கும் சம்பந்தமில்லாத விமானங்கள். அதைவிட மோசம், ஒரே அலுவலகத்தில் ஒரே எண் இரண்டு தடவை வருவது. சுகோய் அலுவலகத்தை 1949-ல் மூடிவிட்டார்கள், 1953-ல் மறுபடி திறந்தார்கள். திறந்த பிறகு பழைய எண்களையே திரும்பப் பயன்படுத்தினார்கள். 1946-ல் பறந்த சு-9, நேரான இறக்கையும் இறக்கைக்கடியில் இரண்டு எஞ்சினும் கொண்டது, உற்பத்திக்கே போகவில்லை. 1957-ல் டி-43 என்ற பெயரில் பறந்து, பின்னால் சு-9 ஆனது முக்கோண இறக்கையும் ஒற்றை எஞ்சினும் கொண்ட இடைமறிப்பு விமானம், அதாவது எதிரி விமானத்தை வழியிலேயே தடுப்பது. சு-7, சு-11, சு-15, சு-17 எல்லாவற்றுக்கும் இப்படி இரண்டு பிறவி. யாக்-25க்கும் உண்டு. பழைய புத்தகத்தில் சு-9 என்று பார்த்தால் முதலில் ஆண்டைப் பாருங்கள். 1949-க்கு முன்னா, 1953-க்குப் பின்னா என்பதே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

ஒரே அலுவலகத்துக்குள்ளாவது எண் காலவரிசைப்படி போகிறதா? ஏறக்குறைய மட்டுமே. மிக்-25ன் முன்மாதிரி 1964 மார்ச்சில் பறந்துவிட்டது, மிக்-23ன் முன்மாதிரி பறந்ததோ 1967 ஜூனில். மிக்-31 1975 செப்டம்பரில் பறந்தது, மிக்-29 அதற்கு இரண்டு வருடம் பின்னால். படையில் சேர்க்கும்போது வைக்கிற எண், விமானம் பிறந்த தேதியைச் சொல்லாது. வடிவமைப்புக் கட்டத்தில் விமானத்துக்கு அந்த எண்ணே கிடையாது. அலுவலகத்தின் உள்பெயரோடு வரைபலகையில் வளர்ந்து, முன்மாதிரியாகப் பறந்து, அரசுச் சோதனைகளைத் தாண்டி, படையில் ஏற்கும் முடிவு வரும்போதுதான் சேவைப் பெயர் நிலைக்கும். தோற்றுப்போன வடிவங்களுக்குப் பெரும்பாலும் சேவைப் பெயரே வராமல் போய்விடும்.

இதுதான் முக்கியமான இடம். ஒரு சோவியத் விமானத்துக்கு ஒரே நேரத்தில் மூன்று நான்கு பெயர்கள் இருக்கும். குழப்பத்தில் முக்கால்வாசி, ஒரு வகைப் பெயரை இன்னொரு வகையாகப் படிப்பதால் வருவது. முதலாவது அலுவலகத்தின் உள்பெயர். சுகோய் அலுவலகம் 1953-க்குப் பிறகு பின்சாய்ந்த இறக்கைக்கு "எஸ்" என்றும் முக்கோண இறக்கைக்கு "டி" என்றும் வைத்துக்கொண்டது. எஸ்-1 வளர்ந்து சு-7, டி-58 வளர்ந்து சு-15. பிற்பாடு இறக்கை எப்படியிருந்தாலும் "டி" என்றே நிலைத்துவிட்டது. டி-6 என்பது சு-24, அதன் உற்பத்தி வடிவம் விரிந்து மடங்கும் இறக்கை கொண்டது. டி-8 என்பது சு-25, நேரான இறக்கை. டி-10 என்பது சு-27, டி-50 என்பது இன்றைய சு-57. மிக்கில் "யே" வரிசை. யே-6 முன்மாதிரி மிக்-21 ஆனது, யே-155 மிக்-25 ஆனது. துப்பொலேவில் வெறும் எண். "88-ம் விமானம்" து-16, "105-ம் விமானம்" து-22. ஆனால் து-95ல் அலுவலக எண்ணும் சேவை எண்ணும் ஒன்றேதான். அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்து 2017 வரை பறந்த கடற்படையின் து-142எம் விமானமும் இதே து-95லிருந்து வந்ததுதான். 95-க்கும் 142-க்கும் நடுவே நாற்பத்தாறு விமானங்கள் படைக்கு வந்ததாக நினைக்கக்கூடாது. துப்பொலேவ் அலுவலகத்தில் காகிதத்தோடு நின்ற திட்டமும் எண் பெறும், அதனால்தான் எண் அவ்வளவு தாவுகிறது.

இரண்டாவது வகை "இஸ்தேலியே" எண். தமிழில் "உருப்படி" என்று சொன்னால் பொருள் சரியாக வரும். தொழிற்சாலைக் காகிதங்களிலும் கையேடுகளிலும் விமானத்தின் பெயரை எழுதாமல் உருப்படி 76, உருப்படி 96 என்று எழுதுவார்கள். இரகசியம் ஒரு காரணம், கணக்கு வசதி இன்னொரு காரணம். இந்த எண்ணுக்கும் ஒற்றை, இரட்டை விதிக்கும் சம்பந்தமில்லை. மிக்-21 வகைகளை நம் விமானப்படையில் டைப் 77, டைப் 96, டைப் 75 என்று சொன்னது இந்த உருப்படி எண்களைத்தான். 77 என்பது மிக்-21எஃப்.எல்., 96 என்பது மிக்-21எம், 75 என்பது மிக்-21பிஸ். எல்லாவற்றிலும் கடைசியில் வந்த பிஸ்ஸுக்கு எண் சின்னது என்பதைக் கவனியுங்கள். எண்ணின் அளவை வைத்து எது பிந்தியது என்று முடிவு கட்டியிருந்தால் இங்கே தலைகீழாகப் போயிருக்கும்.

மூன்றாவது வகை, வெளியே காட்டுவதற்காக வைத்த பெயர். உலக சாதனைப் பதிவுக்காகச் சர்வதேச வானூர்தி அமைப்பிடம் கொடுத்த காகிதத்தில் மிக்-25 முன்மாதிரியை யே-266 என்று எழுதினார்கள். எடையைக் குறைத்துச் சாதனைக்கென்று தயார் செய்த சு-27ஐ பி-42 என்றார்கள். இப்படி ஒரு தனி வகை விமானம் படையில் இருந்ததில்லை.

இனி விதிவிலக்குகள். மிக்-27, சு-17 இரண்டும் தரையைத் தாக்கும் விமானங்கள், ஆனால் ஒற்றைப்படை. இதற்குக் காரணம் தெளிவாகவே இருக்கிறது. சோவியத் படை 1956-ல் தரைத்தாக்குதல் விமானப் பிரிவைக் கலைத்தது. அந்த வேலையை எடுத்துக்கொண்ட பிரிவின் பெயர் "சண்டை-குண்டுவீச்சு" விமானப் பிரிவு. பெயரளவில் அது சண்டை விமானம்தானே, எண்ணும் அப்படியே வந்தது. மேலும் மிக்-27 மிக்-23லிருந்து பிறந்தது, சு-17 சு-7லிருந்து பிறந்தது. ஆனால் சு-25க்கு இந்த விளக்கம் முழுதாகப் பொருந்தாது. அது அதிகாரபூர்வமாகவே தரைத்தாக்குதல் விமானம், அதோடு போட்டியிட்ட இல்யூஷினின் விமானம் விதிப்படி இல்-102 என்று இரட்டைப்படையில் நின்றது. சு-24க்கு அடுத்த எண் 25 என்பதால் வைத்தார்கள் என்று சொல்வதுண்டு. அதை ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கத்தில் இடைமறிப்பு விமானங்களான யாக்-28பி, து-128 இரண்டும் இரட்டைப்படை. யாக்-28 குடும்பம் குண்டுவீச்சு விமானமாகத் தொடங்கியது, எண்ணை மாற்றாமல் எழுத்தை மட்டும் சேர்த்தார்கள். து-128 துப்பொலேவின் உள்வரிசைப் பழக்கத்தில் வந்தது. யாக்-11 பயிற்சி விமானம், ஆனால் ஒற்றைப்படை. ஏற்றுமதியில் விதி இன்னும் தளர்ந்தது. சு-17ன் ஏற்றுமதி வடிவங்கள் சு-20, சு-22. ஹெலிகாப்டரில் மி-8எம்.டி. வெளிநாட்டுக்கு மி-17 ஆனது, மி-24ன் வடிவங்கள் மி-25, மி-35 ஆயின. நம் படைக்கு வந்தவை இந்த ஏற்றுமதிப் பெயர்களோடுதான் வந்தன. ஆகவே "மி-24ஐ விட மி-25 ஒரு படி மேல்" என்பது தவறு.

சோவியத் ஒன்றியம் கலைந்த காலத்தில் எண் விற்பனைப் பலகை போல ஆகிவிட்டது. சு-27எம், சு-35 ஆனது. கப்பலில் இறங்கும் சு-27கே, சு-33 ஆனது. இரண்டு இருக்கை கொண்ட சு-27பி.யு., சு-30 ஆனது. சண்டை விமானத்துக்கு இரட்டைப்படை எண் வந்த மிகப் பெயர்பெற்ற உதாரணம் இந்த சு-30தான். இங்கே ஒற்றை, இரட்டை விதியைத் தேடுவது வீண் வேலை. 1991-க்கு முந்தைய விமானங்களோடு அதை நிறுத்திக்கொள்வது நல்லது.

எண்ணைவிட அதன் பின்னால் வரும் எழுத்துதான் நடைமுறையில் அதிகம் சொல்லும். மிக்-21எஃப்-13 என்பதைப் பிரித்துப் பாருங்கள். "எஃப்" என்பது எஞ்சின் உந்துவிசையைக் கூட்டியதைச் சொல்கிறது. 13 என்பது கே-13 என்ற, வெப்பத்தைத் தேடிப் போகும் ஏவுகணை. ஆக முழுப்பெயர் "விசை கூட்டிய, கே-13 ஏவுகணை தூக்கும் மிக்-21". மிக்-17பி.எஃப். என்றால் "பி" இடைமறிப்பு, அதாவது ராடார் உண்டு, "எஃப்" பின்னெரிப்பு எஞ்சின். "யு" பயிற்சி, "யு.பி." போரிலும் பயன்படும் பயிற்சி விமானம், "ஆர்" உளவு, "எம்" மேம்படுத்தியது, "பிஸ்" என்பது இரண்டாவது என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல். எழுத்துகளை இடமிருந்து வலமாகப் படியுங்கள். சு-24எம்.ஆர். என்றால் மேம்படுத்திய சு-24எம்-ஐ எடுத்து உளவுக்கு ஆக்கியது. எண் ஒன்றாக இருந்து எழுத்தால் தரம் மாறும் இடங்களில் கவனம் வேண்டும். மிக்-23எம்மும் ஏற்றுமதி மிக்-23எம்.எஸ்.ஸும் பேரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் எம்.எஸ்.ஸின் மூக்கில் வைத்தது மிக்-21 வகை ராடார். பார்வைக்கு அப்பால் உள்ள இலக்கை அடிக்கும் ஏவுகணை அதற்குக் கிடையாது. "மிக்-23 மோசமான விமானம்" என்று முடிவெடுத்த பல கட்டுரைகள் இந்த ஏற்றுமதி வடிவத்தை வைத்து எழுதப்பட்டவை.

எழுத்துகளுக்கு அகராதி போட்டு வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் பொருத்தினால் கவிழ்ந்துவிடுவோம். "கே" என்ற ஓர் எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். து-95கே ஏவுகணை தாங்கி. சு-27கே கப்பல் விமானம், "கரபேல்னி" என்பதன் முதலெழுத்து. சு-25கே ஏற்றுமதி விமானம், "கம்மேர்ச்செஸ்கி" அதாவது வணிகத்துக்கானது. நம்மிடமே இரண்டு கே உண்டு. ஐ.என்.எஸ். விக்ரமாதித்யாவில் இறங்கும் மிக்-29கேயில் உள்ளது கப்பல் கே. 2020 முதல் தஞ்சாவூர் தளத்தில் ஒரு படைப்பிரிவாக நிற்கும் சு-30எம்.கே.ஐ.யில் உள்ளது வணிக கே. அதாவது மேம்படுத்தியது, ஏற்றுமதிக்கானது, இந்தியாவுக்கானது. "எஸ்"ஸும் அப்படித்தான். மிக்-19எஸ்ஸில் அது முழுதாக அசையும் வால் நிலைப்படுத்தி. மிக்-21எஸ்ஸில் "சப்ஃபீர்" ராடார். மிக்-21எஃப்.எல்.லில் உள்ள "எல்" ராடாரைக் குறிப்பதாகவே பெரும்பாலும் எழுதுகிறார்கள், மிக்-23எம்.எல்.லில் உள்ள "எல்" எடை குறைந்தது என்று பொருள்படும். எழுத்தின் பொருளை அந்தந்தக் குடும்பத்துக்குள்ளேயே தேட வேண்டும்.

ரஷ்ய எழுத்திலிருந்து நேரடியாகப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அவர்களின் "ஸ்" ஒலி பார்க்க ஆங்கில "சி" மாதிரி இருக்கும், "ர்" ஒலி "பி" (P) மாதிரி, "வ்" ஒலி பெரிய எழுத்து "பி" (B) மாதிரி. உளவு விமானமான து-22ஆர்-ன் பெயரைப் படத்தில் பார்த்துவிட்டு து-22பி என்று எழுதுவது இப்படி வருகிற பிழை. உடலில் சிவப்பிலோ நீலத்திலோ பெரிதாக எழுதிய இரண்டு இலக்க எண்ணும் வகைப் பெயர் இல்லை. அது படைப்பிரிவுக்குள் அந்த ஒரு விமானத்தை அடையாளம் காண எழுதுவது, இடம் மாறினால் எண்ணும் மாறும்.

மேற்கத்தியப் பெயர்கள் தனிக்கதை. அசல் பெயர் தெரியாத காலத்தில் மேற்கு நாட்டினர் தாங்களாகவே பெயர் வைத்தார்கள். சண்டை விமானத்துக்கு "எஃப்"பில் தொடங்கும் சொல், குண்டுவீச்சுக்கு "பி", சரக்குக்கு "சி", ஹெலிகாப்டருக்கு "எச்". இறக்கை விமானங்களில் ஓரசைச் சொல் என்றால் சுழலி (ப்ரொப்பெல்லர்), ஈரசை என்றால் ஜெட். அதனால்தான் சுழலியால் பறக்கும் து-95 "பேர்" (Bear, கரடி), ஜெட்டான து-16 "பேட்ஜர்". ராமென்ஸ்கொயே சோதனைத் தளத்தில் செயற்கைக்கோள் படத்தில் முதலில் கண்டவற்றுக்கு "ராம்" என்று தற்காலிகப் பெயர். ராம்-கே சு-27, ராம்-எல் மிக்-29. இவை யூகமில்லாத பெயர்கள், தொந்தரவில்லை. தொந்தரவு அவர்கள் ஊகித்து எழுதிய எண்களால் வந்தது. சு-24ஐ எழுபதுகளில் சு-19 என்று எழுதினார்கள். து-22எம்-ஐ து-26 என்றார்கள். து-22எம், து-22லிருந்து முற்றிலும் வேறான புது விமானம், விரிந்து மடங்கும் இறக்கை, அலுவலக எண்ணும் 145. ஆனால் பெயர் என்னவோ பழையதன் மேம்பாடு போல. புதுத் திட்டம் என்று சொல்லாமல் மேம்பாடு என்று சொன்னால் அனுமதி எளிதாகக் கிடைக்கும் என்பதற்காகவே இப்படி வைத்தார்கள் என்பது பரவலான விளக்கம், பொருத்தமாகவும் இருக்கிறது. மிக்-37 என்று பொம்மைக் கடையில் விற்ற கறுப்பு விமானம் அப்பட்டமான கற்பனை.

ஆகவே ஒரு பெயர் கையில் கிடைத்தால் நான் சொல்லும் ஒழுங்கு இது. முதலில் அது சேவைப் பெயரா, அலுவலகப் பெயரா, உருப்படி எண்ணா, மேற்கத்தியப் பெயரா என்று பிரியுங்கள். சேவைப் பெயர் என்றால் ஆண்டைப் பாருங்கள். 1940-க்கு முன், 1949-க்கு முன், 1991-க்குப் பின் என்ற மூன்று எல்லைகளில் எங்கே விழுகிறது என்று தெரிந்தால் போதும். பிறகு ஒற்றையா இரட்டையா, கடைசியாக எழுத்துகள். ஒரே பெயருக்கு இரண்டு நூல்கள் இரண்டு விமானத்தைக் காட்டினால் இறக்கையின் வடிவத்தையும் எஞ்சின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். பெயர் ஏமாற்றலாம், இறக்கை ஏமாற்றாது.

மிக் வரிசையில் இரட்டைப்படை எண்ணே இல்லையா என்றால், ஒன்று உண்டு. 1945-ல் செய்த மிக்-8. மரத்தால் ஆன சின்ன விமானம், மூன்று பேர் உட்காரலாம், பின்னால் தள்ளும் சுழலி, 110 குதிரைத்திறன் எஞ்சின், கிடைவால் பின்னால் இல்லாமல் மூக்கில் இருக்கும். அதனால் "ஊத்கா", வாத்து, என்று செல்லப்பெயர். சோதனைக்காகச் செய்த இதில் துப்பாக்கி கிடையாது, சண்டை விமானமும் இல்லை. விதிப்படி அதற்கு 8 கிடைத்தது.